கோயில் பிள்ளை கையில் சில சுவிட்சுகள்

கோயில் பிள்ளை என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கக் கோயிலில் கதவைத் திறந்து, மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, பூசை முடிந்து கடைசி ஆள் கிளம்பியபின் கதவைச் சாத்துகிறவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், எனக்கோ தலை முழுக்க நரை. இந்த உத்தியோகத்தில் சம்பளம் கொஞ்சம், சாவி நிறைய. அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பொறுப்பானவரே, ஆபீசில் பேனா பென்சில் வைக்கும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவரே, கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் போடுகிறவரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் கையில் இருப்பதை அதிகாரம் என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பொழுது விடிந்தால் எல்லோரும் நம் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

விசிலுக்குப் பதில்

கோயில் வேலைக்கு முன் நான் பஸ் கண்டக்டர். நான் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும், அதனால் டிரைவரைவிட ஒரு படி மேல் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த சில மாதங்களில் மயிலாப்பூரில் எங்கள் வட்டாரத்துக்கான பங்குக் கோயிலில் இருந்த பழைய கோயில் பிள்ளை, மகன் வீட்டோடு இருக்க நங்கநல்லூர் போய்விட்டார். சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. கூடவே பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் சுவரை அடைத்துக்கொண்டிருந்த சுவிட்ச் போர்டும் வந்தது. எது எதற்கான சுவிட்ச் என்று எங்கும் எழுதவில்லை. முதல் ஞாயிறு விளக்கென்று நினைத்து ஒன்றைத் தட்டினேன். பிரசங்கத்தின் நடுவில் ஒலிபெருக்கி செத்துப்போய், சாமியார் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சிலருக்கு அதில் சந்தோஷம் என்பது வேறு விஷயம்.

அன்று வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை ஆணியில் மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி மேரி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸுல விசிலு, இங்க சாவி. ஏதாவது ஒன்னு கையில இல்லன்னா உனுக்கு சோறு எறங்காதாய்யா?"

பெண் வீட்டு ஃபேன்

கோயிலுக்குள் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள். ஆனால் ஃபேனுக்குக் கீழே உட்காரும் பிள்ளைகள் வேறு, தூணுக்குப் பின்னால் உட்காரும் பிள்ளைகள் வேறு. மே மாதம் பிறந்துவிட்டால் இது எனக்கு மனப்பாடம். ஒரே பெஞ்சில் ஒரு அம்மாவுக்கு சைனஸ், ஃபேன் கூடாது. பக்கத்தில் இருக்கும் ஐயாவுக்கு மூச்சு முட்டும், ஃபேன் வேண்டும். இருவரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கண்டக்டராக இருந்தபோது "சில்லறை இல்ல, எறங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இங்கே எறங்கு என்று யாரைச் சொல்வது?

கல்யாண நாளில் இது இரண்டு பங்காகும். ஒரு தடவை இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார். இடது பக்கம் ஒரு ஃபேன் மோட்டார் எரிந்துபோயிருந்தது, நான் என்ன செய்ய? மோதிரம் மாற்றுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. பெண்ணுடைய சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவிட்ச் போர்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டார்: "மாப்பிள்ளை வூட்டுப் பக்கம் மட்டும் அத்தினி ஃபேனும் ஓடுதே, இதெல்லாம் நிச்சயத்தப்பவே பேசலியே நைனா!"

தாழ்ச்சி

எங்கள் பங்குக்குப் புதிதாக ஒரு ஃபாதர் பங்குத்தந்தையாக வந்தார். இளவயது, நல்ல மனசு, எல்லோருக்கும் பணிவிடைக்காரனாக இருக்க வேண்டும் என்ற துடிப்பு. வரவேற்புக் கூட்டத்துக்கு ஹாலில் மேடை போட்டு, பெரிய மெத்தை நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து வைத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேராகக் கடைசி வரிசைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது வம்பு. சாமியாருக்கு முதுகைக் காட்டி உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் பெர்னார்டு சார் எழுந்து நின்றார். அவர் நின்றதால் பேரவை நின்றது. பேரவை நின்றதால் ஊரே நின்றது. மைக் வயர் கடைசி வரிசை வரைக்கும் எட்டவில்லை. வரவேற்புரையை யாரைப் பார்த்துப் படிப்பது என்று தெரியாமல் ஒருத்தர் காலியான மெத்தை நாற்காலியைப் பார்த்தே படித்து முடித்தார்.

காபி கொண்டுவந்த லூர்து அக்காவுக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். விடியற்காலையிலிருந்து நின்ற கால். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக அவரிடமே சொல்லிவிட்டாள்: "சாமி, நீ தாழ்மையா குந்திக்கினதால நாங்க அம்மாம் பேரும் நின்னுக்கினு கீறோம். மொதல்ல போயி உன் சேருல குந்து, எங்களுக்குக் காலு நோவுது."

சப்பரம்

இனி ஸ்டெல்லா டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

டீச்சர் இங்கேயே ஒரு கான்வென்ட் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பங்கில் பாதிப் பெண்கள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஞாயிறு காலைப் பூசையில் வேதத்திலிருந்து படிக்கும் முதல் வாசகம் பெரும்பாலும் அவருடையதுதான். கத்த மாட்டார், நடிக்க மாட்டார். ஆனால் அவர் வாய் திறந்தால் கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வேதத்தில் வரும் பாலைவனம் நம் ராயப்பேட்டை பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், வீடு என்று போய், ஒருநாள் சக்கர நாற்காலியில் கோயிலுக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் ஓடிவந்தார்கள். முன்வரிசையில் இடம் ஒதுக்கினார்கள். நான் நல்ல ஃபேனாகப் பார்த்துப் போட்டேன். எல்லோரும் ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள்: பாவம்.

டீச்சர் என்னிடம் கேட்டதும் ஒன்றுதான். எனக்கு மறுபடி வாசகம் எப்போது? நான் பீடத்தைப் பார்த்தேன். வாசக மேடை நாலு படிக்கட்டுக்கு மேலே இருந்தது. தூணும் மேல்பலகையுமாகத் தேக்கில் செய்த, நின்று படிக்கும் உயரத்துக் கனமான சாமான், அதன்மேல் வாசக நூல். சரி என்று அடுத்த ஞாயிறு நாலு வாட்டசாட்டமான பையன்களை ஏற்பாடு செய்தேன். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள். இரண்டாவது படியில் ஒருவன் கை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. டீச்சர் ஒரு கையால் சேலையையும் மறு கையால் ஒரு பையன் தலைமயிரையும் பிடித்துக்கொண்டார். கோயில் முழுக்க 'ஐயையோ' என்றது. வாசிக்காமலே அவரைக் கீழே இறக்கினோம். முகம் சிவந்துபோய், குரலை மட்டும் உயர்த்தாமல் என்னிடம் சொன்னார்: "சவரி, திருவிழாவுக்குச் சப்பரத்துல சுரூபத்தைத் தூக்குற மாதிரி என்னைத் தூக்காதே. அதுக்கு நான் முதல்ல சாகணும், அப்புறம் எனக்குப் புனிதர் பட்டம் வேற கொடுக்கணும்."

குரல் மட்டும்

அடுத்த யோசனை பெர்னார்டு சாருடையது. அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைத்துவிடக் கூடாது. வீடு கொட்டிவாக்கத்துக்கு மாறியபிறகும் பங்கை மாற்றாமல் அங்கிருந்து வந்துபோகிறவர். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தது அவர்தான். நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் நான் நேராகச் சண்டை போட்டிருப்பேன். அவர் ஒரு வயர் இல்லாத மைக்கைக் கொண்டுவந்து, டீச்சர் இருக்கும் இடத்திலிருந்தே வாசிக்கட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

வாசித்தார். ஜனங்களுக்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பாதிப் பேர் பீடத்தைப் பார்த்தார்கள், பாதிப் பேர் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், ஒரு குழந்தை மேற்கூரையைப் பார்த்தது. வாசக நூலை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெஞ்சு இடுக்கில் நாற்காலியைத் திருப்ப இடமில்லாமல் ஜனங்களுக்கு முதுகைக் காட்டியபடி காலியான வாசக மேடையைப் பார்த்து வாசித்தார் டீச்சர். முடிந்ததும் மைக்கை என் கையில் திருப்பிக் கொடுத்தார்: "குரல் மட்டும் வந்தாப் போதும்னா அதுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்ல மெஷின் இருக்கு சவரி. எனக்கு ஜனங்க முகம் தெரியணும், அவங்களுக்கு என் முகம் தெரியணும்."

படிக்கட்டில் ஒரு பெயர்

படிமேல் நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை போட்டுவிடலாம் என்று பேரவைக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்டேன். கோயில் பிள்ளை பேரவையில் தண்ணீர் வைக்க வருகிறவன், பேச வருகிறவன் அல்ல. எல்லோரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பெர்னார்டு சார் பொறுமையாகவே பதில் சொன்னார். திருவிழாக் கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? கோயிலின் அழகு என்ன ஆகும்? வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, டீச்சர் எதற்காக இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்?

இந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. அந்தக் கிரானைட் படிக்கட்டு பெர்னார்டு சார் தன் அப்பா நினைவாகப் போட்டுக் கொடுத்தது. முதல் படியின் முன்பக்கத்தில் அப்பாவின் பெயர் செதுக்கியிருக்கிறது. சாய்வுப் பலகை வைத்தால் அது அந்தப் பெயர்மேல்தான் உட்காரும். கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் தனியாக என்னிடம் வந்தார். அந்தப் பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல் பொருத்தமாகவே இல்லை. "எங்கப்பாவுக்குன்னு இந்த ஊர்ல இருக்கறது அந்த ஒரு வரிதான் சவரி. அதையும் பலகை போட்டு மூடச் சொல்றியா?"

விரல்

அவர் கேட்டதும் நியாயம்தான். நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் வரும், இது கண்டக்டர் காலத்துப் பழக்கம். அடுத்த ஞாயிறு சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் பெர்னார்டு சார் முன்வரிசையில், தன் ஃபேனுக்குக் கீழே, சட்டை காலரைத் தளர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். வெளியே அனல். அவர் ஃபேனுடைய சுவிட்ச் மேல் வரிசையில் ஓரத்தில் இருக்கிறது. விரல் தானாக அங்கே போய்விட்டது. மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னால் யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்?

மெழுகுதிரி கேட்டு உள்ளே வந்த மேரி என் விரலைப் பார்த்தாள், கதவு இடுக்கைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் படித்தவள், விளக்கம் தேவைப்படவில்லை. "அந்தாளு படிய வெச்சிக்கினு மெறட்றாரு, நீ சுச்ச வெச்சிக்கினு மெறட்டப் போறியா? அப்போ டீச்சருக்கு யாருய்யா கீறாங்க?"

பாஷா பாய்

விரலை எடுத்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் தச்சர் பாஷா பாயைக் கூட்டிவந்தேன். எங்கள் ஹாலுக்கு மேடை, பந்தல் கால், திருவிழாவுக்குப் பலகை என்று எல்லாமே அவர் வேலைதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். படியைச் சுற்றிச் சுற்றி வந்து டேப் வைத்து அளந்து பார்த்தார். டீச்சர் தானாக நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறுகிற அளவுக்குச் சாய்வாகப் பலகை போட்டால், அது பாதிக் கோயிலுக்கு வந்து நிற்கும் என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலையைத் திருப்பினால் மேலே வாசக மேடை நின்றது. கோயிலைப் பெருக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி நகர்த்தித் துடைக்கிறவன் நான்தானே என்று அப்போதுதான் உறைத்தது. படிக்கட்டு பெர்னார்டு சாருடையது. பீடம் ஃபாதருடையது. மேசை நாற்காலி தட்டுமுட்டுச் சாமான் என் இலாகா.

டீச்சர் மேலே போக முடியாது. மேடை கீழே வரலாமே!

பாய் மேடையைத் தட்டிப் பார்த்தார். நூல் வைக்கும் மேல்பலகை தனி, தூண் தனி, நடுவில் திருகாணிதான். முழந்தாளிட்டு ஜெபிக்க வைத்திருந்து உடைந்துபோன பழைய பலகை ஒன்றின் கட்டையை எடுத்து, சக்கர நாற்காலி அடியில் நுழைகிற மாதிரி குட்டையாக ஒரு கால் செய்து, மேல்பலகையை அதில் பூட்டினார். இழைத்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பாய் என்றேன். "இத்தினி வருசமா எல்லாரும் மேடைய உசத்திக் குடு, இன்னும் உசத்திக் குடுன்னுதான் என்னைக் கூப்ட்டுக்கினு கீறாங்க. எறக்கிக் குடுன்னு கூப்ட்ட மொத ஆளு நீதான் நைனா."

மேசைமேல் சாவி

சொல்லாமல் செய்திருக்கலாம். ஞாயிறு காலை கதவு திறக்கிறவன் நான்தான், இறக்கி வைத்துவிட்டால் மணியடித்த பிறகு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அது ஃபேன் சுவிட்ச் வேலைதான், கொஞ்சம் பெரிய சுவிட்ச், அவ்வளவே. சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதரிடம் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாசக மேடை பீடத்தோடு சேர்ந்து இருப்பதுதான் முறை, பேரவையைக் கேட்காமல் செய்தால் மனக்கசப்பு வரும், அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வந்த புதிதில் நாற்காலி விஷயத்தில் சூடுபட்டவர், பாவம்.

இந்த வேலை போய்விட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான் என்பது தெரியும். சாவிக்கொத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். "ஃபாதர், ஸ்டாப்பிங்ல ஒரு ஆள் ரொம்ப நாளா நின்னுக்கிட்டு இருக்காங்க. எனக்கு நிறுத்தாமப் போக முடியாது. நாளைக்கு மேடை கீழே இருக்கும். தப்புன்னா இதை இப்பவே எடுத்துக்குங்க, நான் மனஸ்தாபம் இல்லாமப் போயிடறேன்" என்றேன். சத்தியமாக மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவக் குனிந்ததைப் பற்றி ஃபாதர் எத்தனையோ பிரசங்கம் வைத்திருக்கிறார், அன்று பிரசங்கம் வேண்டியிருக்கவில்லை. கொத்தை என் பக்கம் தள்ளினார்: "எடுங்க சவரிண்ணே. காலையில கதவு யார் திறக்குறது? பெர்னார்டு சார் கேட்டா, ஃபாதர்தான் சொன்னார்னு சொல்லுங்க."

இறங்கிய ஞாயிறு

பெர்னார்டு சார் வந்ததும் பார்த்துவிட்டார். படிக்கட்டுக்குக் கீழே, ஜனங்களை நோக்கி, இடுப்பு உயரத்துக்கு வாசக மேடை. யாரைக் கேட்டு என்று என்னிடம் பல்லைக் கடித்தார். ஃபாதர்தான் சொன்னார் என்றேன். அதற்குமேல் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டேன். அன்று முதல் வாசகம் டீச்சருக்கு, இரண்டாவது அவருக்கு.

டீச்சர் தானாகவே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். யாரையும் தொட விடவில்லை. நாற்காலி மேடைக்கு அடியில் சரியாகப் போய் நின்றது. தலையைத் தூக்கி, வகுப்பில் பார்ப்பது போல வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். பிறகு வாசித்தார். அதே குரல்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது. பின்வரிசையில் லூர்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் என்ன? அறைக்குள் போய் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டு வாசகத்துக்கும் நடுவில் பாடும் திருப்பாடல் முடிந்து பெர்னார்டு சார் வந்தார். பழக்கதோஷம், பீடத்துக்குத் தலைவணங்கிவிட்டு விறுவிறுவென்று படியேறினார். இரண்டாவது படியில்தான் மேலே ஒன்றும் இல்லை என்பது நினைவு வந்தது. அத்தனை பேர் முன்னால் திரும்பி இறங்கினார். பாட்டு முடியட்டும் என்று அங்கேயே இருந்த டீச்சர் அப்போதுதான் நாற்காலியைத் திருப்பத் தொடங்கியிருந்தார். பெர்னார்டு சாரோ ஆறடி ஆள். குனிந்தார், எழுத்து தெரியவில்லை. இன்னும் குனிந்தார், முதுகு இடம் கொடுக்கவில்லை. டீச்சர் கனமான வாசக நூலை இரண்டு கையாலும் எடுத்து அவர் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். நூல் கனத்தில் சாய்ந்தது. பெர்னார்டு சார் சட்டென்று தன் இரண்டு கையையும் நூலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். அப்படியே முழு வாசகத்தையும் படித்து முடித்தார். வழக்கமாக அவர் படித்தால் மாநாட்டில் பேசுவது போல இருக்கும். அன்று கொஞ்சம் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல இருந்தது.

பூசை முடிந்து கோயில் காலியானபின் அவர் மட்டும் படிக்கட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் முதல் படியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மேல நின்னா எங்கப்பா பேரு தெரியாது சவரி, கீழ நின்னாத்தான் தெரியுது. பலகை கிலகை எதுவும் வேணாம், மேடை இங்கேயே இருக்கட்டும்."

குறை

அவர் மனம் மாறினாரா, அல்லது அப்பா பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வழி கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இப்போது ஞாயிறு காலைப் பூசைக்கு எல்லோரும் கீழேதான் வாசிக்கிறார்கள். டீச்சர் வாசிக்கும் வாரம் குட்டைக்கால், மற்றவர்களுக்கு நெட்டைக்கால், மாற்றிப் பூட்டுவது என் வேலை. பாலவாக்கத்திலிருந்து வரும் ஒரு குடும்பம் சக்கர நாற்காலியில் தங்கள் பையனையும் கூட்டிவர ஆரம்பித்திருக்கிறது. அவனுக்குத் தூணோரம் பிடிக்கவில்லையாம், டீச்சர் பக்கத்தில் இடம் கேட்கிறான்.

ஆனால் என் மனசில் நிற்பது மேடை இறங்கிய அந்த முதல் ஞாயிறு வாசலில் நடந்ததுதான். ஜனங்கள் டீச்சரைச் சூழ்ந்துகொண்டு நின்றபோது, எப்போதும் எதையாவது நோண்டுகிற ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு இடத்தில் வேகமாகப் படித்துவிட்டீர்கள், எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. இந்த நாளிலா, இவரிடமா, இப்படியா பேசுவது? அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று பின்னாலேயே கிளம்பினேன். டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கண் பளபளவென்று இருந்தது. "விடு சவரி, அவரை ஒன்னும் சொல்லாதே! நான் விழுந்த நாள்லேருந்து எல்லாரும் என்னைப் பார்த்து பாவம்னாங்க, இன்னிக்குத்தான் ஒரு மனுஷன் என் வாசிப்புல குறை சொல்லியிருக்கார்!"

மற்றபடி பெர்னார்டு சார் மேல் கோபம் இருந்த அத்தனை நாளும் அவர் தலைக்கு மேலிருந்த ஃபேன் ஒரு ஞாயிறுகூட நிற்காமல் ஓடியது என்பதைச் சக சாவிக்காரர்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன், கோயில் பிள்ளை உத்தியோகத்தில் தாழ்ச்சி என்பது பெரும்பாலும் அந்த ஒரு சுவிட்சைத் தொடாமல் இருப்பதுதான்.